ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் பின் தொட்டிக்குள்ளேயே மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுக்கும்போது பிக்கப் ஒரேயடியாக ஆடுகிறது. பின்னால் ஏர்பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போட்டால் சரியாகுமா?

ஓரளவு சரியாகலாம், அதுவும் எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்து. நானும் ஏர்பேக்கில்தான் ஆரம்பித்தேன். இன்று கேட்டால் அதைக் கடைசியில் வைத்திருப்பேன்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கம். முக்கால் டன் டீசல் பிக்கப், 32 அடி ஃபிஃப்த் வீல். முதல் நீண்ட பயணமே ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே, லூசியானா வழியாக. லஃபயெட்டைத் தாண்டினால் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 18 மைலுக்கு ஒரே பாலம். கான்கிரீட் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு 'தடக்'. பிக்கப்பின் மூக்கு ஏறி இறங்குகிறது, அது அடங்குவதற்குள் அடுத்த 'தடக்'. போதாக்குறைக்கு, இருக்கைக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்துகொண்டு முதுகில் இடித்துக்கொண்டே வருவது போல முன்னும் பின்னும் ஒரு வெட்டல். பாலம் முடியும்வரை என் மனைவி காபியைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பியதும் ஏர்பேக் வாங்கி மாட்டி, தாராளமாக 80 பி.எஸ்.ஐ. காற்றும் அடித்தேன். பிக்கப்பின் பின்பக்கம் ஜம்மென்று நிமிர்ந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டினால் கட்டை வண்டி. பின்பக்கம் உயர்ந்ததால் டிரெய்லரை மாட்டும் ஹிட்சும் உயர்ந்து, டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் டிரெய்லரின் பின் ஆக்சிலுக்குக் கூடுதல் பாரம் போகும். முதுகில் விழும் இடி மட்டும் துளிகூடக் குறையவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்து எடை மேடைக்குப் போனேன். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் லாரிகளுக்கென்று 'கேட் ஸ்கேல்' (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும், பிக்கப்புக்கும் போட்டுத் தருவார்கள். பிக்கப்பின் முன் சக்கரம் ஒரு தட்டில், பின் சக்கரம் அடுத்ததில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்களோடும் அதே டீசலோடும் பிக்கப்பை மட்டும் இன்னொரு முறை ஏற்ற வேண்டும். என் கணக்கு இது: பிக்கப் தனியாக 8,000 பவுண்டு, டிரெய்லரோடு பிக்கப்பின் இரண்டு ஆக்சிலும் சேர்ந்து 10,300, டிரெய்லர் சக்கரங்களில் 9,300. அதாவது கிங்பின் (டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து இறங்கி ஹிட்சில் மாட்டும் தடித்த முளை) வழியாகப் பிக்கப்பின் மேல் உட்கார்ந்தது 2,300 பவுண்டு. டிரெய்லரின் மொத்த எடையான 11,600 இல் இது கிட்டத்தட்ட 20 சதவீதம். ஃபிஃப்த் வீலுக்கு 15 முதல் 25 வரை இருப்பது வழக்கம் என்பதால் விகிதத்தில் குறை இல்லை. ஆனால் என் பிக்கப்பின் கதவோர ஸ்டிக்கர் அனுமதிக்கும் மொத்த எடை 10,000 தான். 300 பவுண்டு அதிகமாக ஏற்றிக்கொண்டு, குறையை ஸ்பிரிங்கில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். விளம்பரத்தில் எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்பதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஃபிஃப்த் வீலில் முதலில் தீர்ந்துபோவது பேலோட், அதாவது பிக்கப் தன் மேல் சுமக்கக்கூடிய பாரம். ஏர்பேக் போட்டாலும் அந்த எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

சரி, 300 பவுண்டை எங்கே குறைப்பது? ஃபிஃப்த் வீலின் பெரிய சாமான் அறை முன்பக்கம், கிங்பின்னை ஒட்டி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் விறகுக் கட்டு, கருவிப் பெட்டி, இரண்டு அரிசி மூட்டை, கூடவே கல் கிரைண்டர். (முகாமில் மாவரைக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள், அந்தப் பஞ்சாயத்து வீட்டில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.) என் டிரெய்லரில் குடிநீர்த் தொட்டியும் ஆக்சிலுக்கு முன்னால். 60 கேலன் நிரப்பினால் 500 பவுண்டு, அதில் ஒரு பங்கு கிங்பின்னுக்கு வரும். இப்போது வழிச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மீதியை முகாமில் நிரப்புகிறோம். பாரத்தைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் டிரெய்லரின் வால் பக்கம் தள்ளிவிடாதீர்கள். கிங்பின் பாரம் ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

இனி ஆட்டத்தை இனம் பிரியுங்கள். மூக்கு ஏறி இறங்கும் தலையாட்டல் என்றால் முதலில் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். என்னுடையவை தொழிற்சாலையில் போட்டவை, 70,000 மைல் ஓடியவை. கனமான ஷாக் நான்கு மாற்றியதில் பாதி தீர்ந்தது. மீதி வேகத்தில் இருக்கிறது. சாலை இணைப்புகளின் இடைவெளியும் வண்டியின் ஆட்டமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தாளம் சேர்ந்துவிடும். 5 மைல் குறைத்தால் தாளம் தப்பும்.

முதுகில் இடிக்கும் வெட்டல் வேறு. அதற்கும் ஏர்பேக்குக்கும் சம்பந்தமே இல்லை. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பிக்கப்பில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலரின் கை லீவரால் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி, ஒருவர் பிக்கப்பை மெதுவாக ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நீங்கள் பக்கவாட்டில், எட்ட நின்று பாருங்கள். ஹிட்சின் தாடைக்குள் கிங்பின் 'டக் டக்' என்று விளையாடினால் தாடையைச் சரிசெய்ய வேண்டும். என்னுடையதில் அங்கே விளையாட்டு இல்லை, டிரெய்லருக்கு அடியில் இருந்தது. ஸ்பிரிங் பட்டையின் நுனியில் இருக்கும் துளையில் பிளாஸ்டிக் புஷ் (உள் வளையம்) போட்டிருந்தார்கள், கிரீஸ் வைக்க வழியே இல்லை. கழற்றினால் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷாக்கிள் பட்டையின் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. இத்தனைக்கும் டிரெய்லருக்கு வயது மூன்று. வெண்கல புஷ், கிரீஸ் ஏற்றும் போல்ட், தடித்த ஷாக்கிள், இரண்டு ஆக்சிலுக்கும் பாரத்தைப் பகிரும் ஈக்வலைசரில் நடுவில் ரப்பர் வைத்தது என்று மாற்றினேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு, முட்டி இரண்டும் போச்சு. ஆனால் செய்த செலவிலேயே கண்கூடாகப் பலன் தந்தது இதுதான். இதற்குப் பிறகும் வெட்டல் மிஞ்சினால் கிங்பின்னைத் தாங்கும் 'பின் பாக்ஸ்' (pin box) என்ற பாகத்தை, ரப்பரோ காற்றுப் பையோ வைத்ததாக மாற்றலாம். விலை அதிகம், எனக்குத் தேவைப்படவில்லை.

பக்கவாட்டு அசைவுக்கு டயர் காற்றுதான் முதல் சந்தேகம். குலுங்காமல் போகட்டும் என்று டிரெய்லர் டயரில் காற்றைக் குறைத்து வைத்திருந்தேன். தப்பு. டயரின் பக்கச் சுவர் நெளிந்தால் மேலே இருக்கும் மொத்த வீடும் நெளியும். டயரிலேயே எழுதியிருக்கும் அளவை, என்னுடையதில் 80, காலையில் டயர் சூடாகும் முன் பார்த்துப் பிடிக்கிறேன். பிக்கப்பின் பின் டயருக்குக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு. மேற்கு டெக்சாஸ் காற்றில் பக்கவாட்டில் சாய்கிறது என்றால் பிக்கப்பின் பின்பக்கம் போடும் ஸ்வே பார் (சாய்வைத் தடுக்கும் கம்பி) உதவும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பாரத்தை முன் ஆக்சிலுக்கும் பகிரும் ஹிட்ச்) போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள், அது பம்பருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லர்களுக்கானது. நம் ஹிட்ச் பின் ஆக்சிலின் மேலேயே இருக்கிறது.

ஏர்பேக்கை நான் கழற்றவில்லை. இப்போது 35 இல் நிற்கிறது, டிரெய்லர் மட்டமாக இருக்கிறதா என்று தரையிலிருந்து டேப் வைத்துப் பார்த்துப் பிடித்த அளவு அது. உங்களுடையதை வாங்கும் முன் எடை போட்டுவிட்டு, இரண்டு எடைச் சீட்டிலும் வந்த எண்களையும் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதையும் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.