அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து ஏழு ரவுண்டாக எடுக்கும் டிராஃப்டின் கடைசி ரவுண்டுகளில் ஒரு குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை) எடுத்து வளர்க்க நினைத்தால், யாரை எப்படித் தேர்வு செய்வது?

இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் "டாம் பிரேடி, 199-வது பிக் (தேர்வு)" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகும் கூட்டம் ஒன்று உண்டு. அது பதிலே இல்லை. 2000-ல் பிரேடியை எடுப்பதற்கு முன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. பின்னாளில் அவர் ஜாம்பவானாக வருவார் என்று தெரிந்திருந்தால் ஆறாவது ரவுண்டு வரை விட்டுவைத்திருப்பார்களா? அந்தக் கதையில் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: அந்த வருஷம் அவர்கள் நான்கு குவாட்டர்பேக்குகளை வைத்திருந்தார்கள். நான்காவது ஆளுக்கும் அணியில் இடம் ஒதுக்கினார்கள். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் அணியில் முப்பது வயதைத் தாண்டிய ஸ்டார்ட்டர் (முதல் ஆளாகக் களமிறங்குபவர்) ஒருவர் இருக்கிறார், முதல் மூன்று ரவுண்டும் வேறு தேவைகளுக்குப் போய்விட்டது, நான்கிலிருந்து ஏழுக்குள் ஒரு பையனை எடுத்து இரண்டு வருஷம் உட்கார வைத்தால் தேறிவிடுவான் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆறடி ஐந்து அங்குல உயரமும் பீரங்கி மாதிரிக் கையும் இருந்தால் போதும், மற்றதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று. நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிர். கடைசி ரவுண்டுகளில் எடுக்க வேண்டியது, கை சுமாராக இருந்தாலும் ஆட்டத்தை ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவரை. படிக்கத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க அணியிடம் நேரம் கிடையாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். சீசன் நடக்கும்போது வாரத்தில் புதன், வியாழன், வெள்ளிதான் உருப்படியான பயிற்சி. முதல் அணியோடு ஓடும் ஸ்னாப்புகளில் (பந்தைப் பின்னே கொடுத்துத் தொடங்கும் நகர்வுகளில்) ஏறக்குறைய எல்லாமே ஸ்டார்ட்டருக்குப் போகும். இரண்டாமவருக்கு ஏதோ கொஞ்சம். மூன்றாமவர் ஸ்கவுட் டீமில் நிற்பார்: உதவி கோச் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதில் வரைந்திருக்கும் எதிரணியின் பிளேயை (நகர்வுத் திட்டத்தை) இவர் நம் டிஃபென்ஸுக்கு (தடுப்பு அணிக்கு) ஆடிக் காட்டுவார். ஆக, வாரம் முழுக்க அவர் பழகுவது அடுத்தவன் அஃபென்ஸ் (தாக்குதல் முறை). வீரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்தோடு ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சி என்பது போய்விட்டது. 2021-ல் ப்ரீசீசன் ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகின. இளம் ஆட்களை அனுப்பி ஆடவைத்த என்எஃப்எல் யூரோப் 2007-லேயே மூடப்பட்டது. பெஞ்சில் இருந்தபடி திருத்தக்கூடியவை சில உண்டு: கால் வைப்பு, சென்டருக்கு (பந்தைப் பின்னே கொடுப்பவருக்கு) நேர் பின்னால் நின்று ஸ்னாப் வாங்குவது, பிளேபுக், தன்னைக் காக்கும் லைனை மாறி நிற்கச் சொல்லும் குரல், உடல் எடை. ஆனால் நாலு பேர் பாய்ந்து வரும்போது இரண்டாவது ரிசீவரை (பந்தைப் பிடிக்க ஓடுபவரை) பார்ப்பது, பந்தை இடம் பார்த்து வைப்பது, இவை ஆடாமல் வராது.

உடனே "பஃபலோ குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் திருந்தவில்லையா?" என்று ஒருவர் வருவார். திருந்தினார். 2018-ல் 52.8 சதவீதமாக இருந்த அவருடைய பாஸ் துல்லியம் 2020-ல் 69.2 ஆனது. ஆனால் அவர் ஏழாவது ரவுண்டு இல்லை, முதல் ரவுண்டிலேயே ஏழாவது பிக். பஃபலோ அவரிடம் அணியையே கொடுத்தது. தப்புச் செய்து செய்து கற்க இரண்டு சீசன் கிடைத்தது. ஐந்தாவது ரவுண்டுப் பையனுக்கு அந்தப் பொறுமையை எந்தக் கோச்சும் காட்டமாட்டார். 2014-ல் அரிசோனா நான்காவது ரவுண்டில் எடுத்த லோகன் தாமஸ் உடலிலும் கையிலும் ஆலனுக்குக் குறைந்தவர் இல்லை. என்எஃப்எல்லில் குவாட்டர்பேக்காக அவர் எறிந்தது ஒன்பதே பாஸ், பிடிபட்டது ஒன்று. பிறகு டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஆகிப் பிழைத்துக்கொண்டார், நன்றாகவே.

இன்னும் கூர்மையான உதாரணம் 2016-ன் நான்காவது ரவுண்டு. 135-வது பிக்கில் டாலஸ் எடுத்தது டாக் பிரெஸ்காட். 139-ல் பஃபலோ எடுத்தது கார்டேல் ஜோன்ஸ். ஜோன்ஸ் ஆறடி ஐந்து, ஓஹையோ ஸ்டேட் கல்லூரிக்காக ஸ்டார்ட் செய்த 11 ஆட்டத்திலும் வெற்றி, அதில் ஒரு தேசிய சாம்பியன்ஷிப். ஆனால் மொத்தமே அந்த 11 தான்; அடுத்த சீசன் நடுவிலேயே இடம் போய்விட்டது. பிரெஸ்காட் மிஸ்ஸிஸிப்பி ஸ்டேட்டில் எஸ்இசி என்ற வலுவான கல்லூரி லீகின் டிஃபென்ஸ்களுக்கு எதிராக முழுதாக இரண்டு சீசனும் அதற்கு முன் பாதி சீசனும் நின்று ஆடியவர். ஆகஸ்டில் டாலஸ் ஸ்டார்ட்டர் டோனி ரோமோவுக்கு முதுகில் அடிபட, பிரெஸ்காட் முதல் வருஷமே 13 வெற்றி, 3 தோல்வி, 23 டச்டவுன் பாஸ், 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). ஜோன்ஸ் பஃபலோவுக்கு ஒரே ஒரு ஆட்டத்தில் களமிறங்கினார், அடுத்த கோடையில் டிரேட் ஆகிப் போனார். டாலஸ் மட்டும் பெரிய ஞானியா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் முதலில் குறிவைத்தது பேக்ஸ்டன் லிஞ்ச், அடுத்து கானர் குக். இரண்டு பேரையும் வேறு அணிகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. அதனால் "டாலஸ் போல முடிவெடுங்கள்" என்று நான் சொல்லவில்லை. பிரெஸ்காட், ஜோன்ஸ் இரண்டு பேரின் கல்லூரி ஃபில்மைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

ஃபில்ம் என்றால் ஹைலைட் கிடையாது. ஐந்தாறு முழு ஆட்டம் எடுங்கள்: அவர் சந்தித்ததில் மிகச் சிறந்த இரண்டு டிஃபென்ஸ், மோசமாகத் தோற்ற ஒன்று, மழையிலோ காற்றிலோ ஆடியது ஒன்று, நான்காம் குவாட்டரில் பின்தங்கியிருந்தது ஒன்று. அதில் ஸ்கிரீன் பாஸ் (கோட்டுக்குப் பின்னாலேயே கொடுக்கும் குட்டிப் பாஸ்), ஆர்பிஓ (ஓட்டமா எறியா என்று ஸ்னாப்புக்குப் பிறகு முடிவெடுக்கும் பிளே), முதல் ரிசீவருக்கே யோசிக்காமல் போன பந்து எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். இன்றைய கல்லூரி அஃபென்ஸில் இப்படிக் கழித்தால் பாதிக்கு மேல் போய்விடும். 70 சதவீதத் துல்லியம் என்று விளம்பரப்படுத்தப்பட்டவரின் உண்மை முகம் மிச்சத்தில்தான் தெரியும். மூன்றாவது டவுன் (நான்கு முயற்சியில் மூன்றாவது), ஏழு யார்டுக்கு மேல் தேவை, எதிரே ஐந்து பேர் பாய்கிறார்கள்: இந்த ஸ்னாப்புகளை மட்டும் தனியாக வெட்டி வைத்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் ரிசீவர் இன்னும் திரும்பாமல் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் இவர் எதிர்பார்த்து எறிகிறார். ரிசீவர் திரும்பி, கை தூக்கி, ஆள் விலகிய பிறகுதான் எறிகிறார் என்றால், அந்த அரை விநாடி என்எஃப்எல்லில் இன்டர்செப்ஷன்.

கை பலத்தை அளப்பதில் ஒரு தந்திரம் சொல்கிறேன். மைதானத்தின் அகலம் எங்கும் 160 அடிதான். ஆனால் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு (ஒவ்வொரு பிளேயும் இவற்றுக்குள்தான் தொடங்கும்) நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் இடது ஹாஷிலிருந்து வலது பக்கக் கோடு 100 அடி தள்ளி இருக்கும். என்எஃப்எல்லில் அதே எறி 89 அடிதான். இடது ஹாஷிலிருந்து வலது ஓரத்துக்குப் பன்னிரண்டு யார்டு அவுட் ரூட்டை (ரிசீவர் நேரே ஓடி ஓரத்துக்குத் திரும்பும் பாதையை) தொங்கவிடாமல் எறிபவருக்கு என்எஃப்எல்லுக்குத் தேவையான கை இருக்கிறது; அதற்கு மேல் இருப்பது உபரி. மாறாக, குறுகிய பக்கம் 60 அடிதான். அங்கே மட்டும் பளபளப்பாக எறிபவரைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். மேலே சொன்ன 100 அடிக் கணக்கை ப்ரோ டேயில் (அணிகள் பார்க்கக் கல்லூரியில் நடக்கும் பயிற்சி நாளில்) பார்க்கவே முடியாது, அங்கே எல்லாப் பந்தும் அவருக்குப் பிடித்த இடத்திலிருந்துதான் போகும்.

நான் அதிகம் நம்பும் எண் ஒன்று உண்டு: எதிரணி நெருங்கி அழுத்தம் வந்த பிளேகளில் எத்தனை சாக்கில் (எறியுமுன் பந்தோடு வீழ்த்தப்படுவதில்) முடிந்தது என்பது. சாக்குக்கு லைனைக் குறை சொல்வது ரசிகர்களின் வழக்கம், ஆனால் அழுத்தம் வந்த பிறகு நடப்பதில் பெரும்பங்கு குவாட்டர்பேக்கின் பழக்கம். நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் நிம்மதி. இருபத்தைந்தைத் தொட்டால் அவர் எவ்வளவு அழகாக எறிந்தாலும் நான் விட்டுவிடுவேன். கல்லூரியில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இங்கே வந்து திடீரென்று விடுவதில்லை. அனுபவம் முப்பது ஸ்டார்ட்டாவது இருக்கட்டும். பிராக் பர்டி ஐயோவா ஸ்டேட்டில் நான்கு வருஷம் ஆடியவர், 2022-ல் 262-வதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்டார். நான்காவது ரவுண்டில் வந்த கர்க் கசின்ஸ் மிஷிகன் ஸ்டேட்டில் மூன்று வருஷம். வயது இருபத்து நான்கு என்று தயங்க வேண்டாம். 2021-ல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் வாங்கலாம் என்று ஆன பிறகு, ஐந்தாவது ரவுண்டுத் தரத்துப் பையன் இன்னொரு வருஷம் கல்லூரியில் இருப்பதே லாபம். இந்தப் பக்கம் வருபவர்கள் வயதானவர்களாகத்தான் இருப்பார்கள். விரித்த உள்ளங்கை கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒன்பது அங்குலத்துக்குக் கீழே என்றால், மழை ஆட்டத்தில் பந்து நழுவுகிறதா என்று மட்டும் பாருங்கள். உடல் அளவுகளுக்கு அதற்குமேல் மரியாதை வேண்டாம்.

நேர்காணலில் பலகையையும் பேனாவையும் கொடுத்து, அவருடைய மோசமான இன்டர்செப்ஷனை வரையச் சொல்லுங்கள். பதினொரு டிஃபெண்டரும் எங்கே நின்றார்கள், சேஃப்டி (கடைசிக் காவலர்) எப்போது சுழன்றார், எந்த லைன்பேக்கர் (நடுவரிசைக் காவலர்) வருவார் என்று நினைத்தார் என்பதெல்லாம் தடுமாறாமல் வர வேண்டும். பிறகு நீளமான ஒரு பிளே அழைப்பைச் சொல்லி, பத்து நிமிஷம் வேறு பேசிவிட்டு, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கல்லூரியில் பலர் ஓரத்தில் தூக்கும் அட்டையைப் பார்த்தே ஆடியவர்கள், ஹடிலில் (பிளேக்கு முன் கூடும் வட்டத்தில்) வாய்திறந்து பிளே சொன்னதே இல்லை. இங்கே கோச் பேசும் ஹெல்மெட் ரேடியோ, அடுத்த பிளேயைத் தொடங்க வேண்டிய கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தனியாள்.

    

இனி இடக் கணக்கு. 53 பேர் பட்டியலில் மூன்றாவது குவாட்டர்பேக்குக்கு இடம் தர உங்கள் கோச் தயாரில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது ரவுண்டைச் செலவழிக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் அவரைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக் குழுவில் சேர்க்கலாம் என்று திட்டமிட்டால், நடுவே வெய்வர் இருக்கிறது. மற்ற 31 அணியில் எதுவும் தூக்கிக்கொள்ளலாம். பர்டியைக் காப்பாற்ற சான் பிரான்சிஸ்கோ அனுபவசாலியான நேட் சட்ஃபெல்டை விடுவித்தது. டிசம்பரில் அவருக்கு முன்னிருந்த குவாட்டர்பேக்குகள் லான்ஸும் கரோப்போலோவும் காயத்தில் கிடக்க, பர்டி ரெகுலர் சீசனின் மிச்ச ஐந்து ஸ்டார்ட்டையும் ஜெயித்தார். இடம் கொடுக்கத் துணிவில்லாத அணிக்கு அவர் கிடைத்திருக்கமாட்டார்.

ஆறாவது, ஏழாவது ரவுண்டு வரை பிடித்த ஆள் கிடைத்தால் அங்கேயே எடுத்துவிடுங்கள், டிராஃப்ட் முடிந்தபின் போனில் பிடித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டிராஃப்ட் ஆகாதவர் எந்த அணி வேண்டுமானாலும் போகலாம், குவாட்டர்பேக் அறை காலியாக இருக்கும் இடத்துக்குத்தான் போவார். உங்களிடம் நல்ல ஸ்டார்ட்டர் இருப்பதே அப்போது உங்களுக்கு எதிராக வேலை செய்யும். டிராஃப்ட் ஆனால் ஒப்பந்தம் நான்கு வருஷம், ஆகாவிட்டால் மூன்று. அந்த நான்காவது வருஷத்துக்காகவே ஒரு ஏழாவது ரவுண்டு பிக்கைக் கொடுக்கலாம்.