மரபணு மாற்றிய உயிருள்ள போலியோ வைரஸைக் குழந்தைக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கலாமா?

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை; ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். "நர்சுக்கு வைரஸைப் பற்றி என்ன தெரியும்" என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2016 ஏப்ரல் 25. மூன்று வகை போலியோ வைரஸும் கலந்த பழைய சொட்டு மருந்தை நாடு முழுக்க நிறுத்தி, இரண்டாம் வகை இல்லாத மருந்துக்கு மாறிய நாள். மிச்சக் குப்பிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். பேரனைத் தூக்கி வந்த பாட்டி ஒருவர், "ஏம்மா நர்சம்மா, நேத்து வரைக்கும் ஊத்துனது இன்னிக்கு ஆகாதா?" என்றார். "ஸ்டாக் மாறுது பாட்டி" என்று மழுப்பினேன். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டார்களே என்று பயம். இன்னும் உறுத்துகிறது.

சொல்லாமல் விட்டது இதுதான். பழைய சொட்டு மருந்தில் இருந்தது, சேபின் என்ற விஞ்ஞானி அந்தக் காலத்தில் குரங்குச் செல்களில் வளர்த்துச் சாதுவானதாகப் பார்த்துப் பொறுக்கிய வைரஸ். இரண்டாம் வகையின் சாதுத்தனம் பெரும்பாலும் அதன் மரபணுவின் ஓரிரு எழுத்துகளில்தான் நின்றது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் நிறைய உள்ள இடத்தில் குடலுக்குக் குடல் தாவி, அந்த எழுத்து பழையபடி திரும்பி, எப்போதாவது முடக்கிவிடும். இதைச் சரிசெய்யத்தான் அந்த இரண்டாம் வகையின் மரபணுவில் கை வைத்து, புதுச் சொட்டு மருந்து ஒன்றைச் செய்தார்கள். எழுத்து சுலபமாகத் திரும்பாதபடி அந்த இடத்தை இறுக்கினார்கள். நகலெடுக்கும் நொதி அடிக்கடி பிழை விடாதபடியும் மாற்றினார்கள். 2021 மார்ச்சில் நைஜீரியாவிலும் லைபீரியாவிலும் முதலில் கொடுத்தார்கள். முழுக்கப் பூட்டிவிட்டதாகச் சொல்லமாட்டேன்: 2023ல் காங்கோவிலும் புருண்டியிலும் சில பிள்ளைகளுக்கு இதிலிருந்தே திரும்பிய வைரஸ் வந்தது. ஆனாலும் பழையதைவிட மிக அரிது.

மரபணு என்றால் பதறுகிறோம், வெயிலுக்கு யாரும் பதறுவதில்லை. மருந்து கொண்டுபோன ஐஸ் பெட்டிக்கு பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டதும் போதாமல், அதை எஞ்சின் பானட்மேல் வைக்கச் சொன்ன கண்டக்டரோடு நான் போட்ட சண்டை கொஞ்சமா! சூட்டில் கெட்ட மருந்தை ஊற்றி என்ன பயன்?

உங்கள் பிள்ளைக்கு இங்கே வழக்கமாகக் கொடுப்பது அந்தப் புது மருந்து இல்லை. ஒன்றாம், மூன்றாம் வகைச் சொட்டு மருந்தும், செத்த வைரஸ் ஊசியும்தான். குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும், வட்டத்தைவிட அது வெளுப்பாக இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்; இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். எந்த நர்சும் கோபித்துக்கொள்ளமாட்டார்.