சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் கேக் ஏன் குழிகிறது?

கேள்வி: வழக்கமாகச் செய்யும் வெண்ணெய் கேக்கில் இந்த முறை ஒரு கப் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு கப் தேன் ஊற்றினேன். ஒரு கப் மைதா, வெண்ணெய், முட்டை, அரை கப் பால் எல்லாம் எப்போதும் போலத்தான். ஓவனும் அதே 180 டிகிரி. இருபது நிமிடத்திலேயே மேல்பக்கம் கறுக்கத் தொடங்கிவிட்டது. உள்ளே வேகவே இல்லை, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்தது. எங்கே தவறினேன்? சரியாக வந்தால் எங்கள் பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு துண்டு கொடுக்கலாமா?

பதில்: குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். துண்டும் வேண்டாம், விரலில் தொட்டு நாக்கில் வைப்பதும் வேண்டாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சைச் சுரக்க முடியும். "ஓவனில் அவ்வளவு நேரம் வெந்துவிட்டதே" என்று நினைக்கத் தோன்றும். ஓவன் 180 டிகிரி காட்டினாலும், ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. இந்த வித்துகளை அழிக்க, நீராவி அழுத்தத்தில் 121 டிகிரிச் சூடு வேண்டும். ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் மலச்சிக்கல், சோர்ந்த அழுகை, பால் உறிஞ்சச் சிரமம், கை கால் துவளுதல் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் போய், தேன் கொடுத்ததையும் சொல்லுங்கள்.

சரி, இப்போது கேக்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, கப் ஏமாற்றிவிட்டது. ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம். அதே கப் நிறையத் தேன் சுமார் 340 கிராம். அந்த 340 கிராமில் ஏறக்குறைய 60 கிராம் வெறும் தண்ணீர், மீதி 280 கிராம் இனிப்பு. அதாவது, நீங்கள் அறியாமலேயே கேக்கில் 80 கிராம் இனிப்பும் கால் கப் தண்ணீரும் கூடுதலாகச் சேர்ந்துவிட்டன. இனிப்பு மிகுந்தால் மாவிலுள்ள ஸ்டார்ச் வேகவும் முட்டை இறுகவும் இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். கேக் உப்பி எழுந்துவிடும். எழுந்ததைத் தாங்கும் சுவர் உள்ளே இறுகியிருக்காது. வெளியே எடுத்ததும் நடுப்பகுதி அப்படியே அமுங்கும். நீங்கள் பார்த்த குழி அதுதான்.

மேல்பக்கம் கறுத்தது வேறு கதை. சர்க்கரை என்பது சுக்ரோஸ். சுமார் 160 டிகிரிக்கு மேல்தான் அது கேரமலாக மாறத் தொடங்கும். தேனில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்; ஃப்ரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறிவிடும். போதாததற்கு இவை இரண்டும் முட்டை, பால் இவற்றின் புரதத்தோடு நேரடியாகச் சேர்ந்து பழுப்பேறும். சுக்ரோஸ் முதலில் உடைந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். அதனால் தேன் கேக்குக்கு ஓவனை 165 டிகிரியில் வைத்து, ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். மேல்பக்கம் தேவையான நிறத்துக்கு வந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்திவிடலாம். நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், தேன் கேக்கின் நிறம் பொய் சொல்லும். நடுவில் குச்சியைக் குத்திப் பாருங்கள். தெர்மோமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு தேன் என்பதற்கு வருகிறேன். கப்பால் அளந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப்புக்கு மேல் போகாதீர்கள். பால், தண்ணீர், தயிர் எது ஊற்றுகிறீர்களோ அதில் மூன்று டேபிள்ஸ்பூன் குறையுங்கள். ஆனால் என் பேச்சைக் கேட்டு ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தேனை நேராக அதில் ஊற்றினால் வேலை முடிந்தது. கப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வராத அந்த இரண்டு ஸ்பூன் பிரச்சினையும் இல்லை. தராசு வரும்வரை, கப்பின் உட்புறம் லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தேன் வழுக்கிக்கொண்டு முழுதாக இறங்கும்.

அப்புறம், வெண்ணெய் கேக்கில் சர்க்கரை முழுவதையும் தேனாக மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கிறோமே, அங்கே சர்க்கரையின் வேலை இனிப்பு மட்டுமில்லை. ஒவ்வொரு படிகத்தின் கூர்முனையும் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுத்து வைக்கிறது. அடிக்க அடிக்க மஞ்சள் வெண்ணெய் வெளுத்துப் பஞ்சுபோல் ஆவது அந்தக் காற்றால்தான். தேனுக்குக் கூர்முனை கிடையாது. எவ்வளவு அடித்தாலும் பளபளவென்று வழவழப்பான குழம்பாகத்தான் நிற்கும், கேக்கும் கனத்துப்போகும். எனவே உங்கள் அளவுக்கு 100 கிராம் சர்க்கரை, 110 கிராம் தேன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையை வெண்ணெயோடு நன்றாக அடித்து, வெளுத்த பிறகு தேனை நூல்போல மெல்ல ஊற்றி அடியுங்கள். முட்டை அதற்குப் பின். அரை கப் பாலில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எடுத்துவிடுங்கள், தேனோடு வரும் தண்ணீர் அதை ஈடுகட்டும். எண்ணெயில் செய்யும் கேக், மஃபின் போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை, அவற்றில் முழுவதும் தேனே சேர்க்கலாம்.

பேக்கிங் சோடா சேர்க்கச் சொல்வார்கள். தேன் புளிப்புத்தன்மை உள்ளது, அதன் பிஎச் பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே இருக்கும். ஆனாலும் அதிலுள்ள அமிலத்தின் அளவு குறைவுதான். முக்கால் கப் தேனுக்குக் கால் டீஸ்பூன் சோடாவே உச்சம். உங்கள் 110 கிராமுக்கு ஒரு சிட்டிகை போதும். செய்முறையில் ஏற்கெனவே சோடா இருந்தால் அதுவும் வேண்டாம். கூடினால் சோப்பு வாடை வரும், கேக் இன்னும் கறுக்கும்.

தேன் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் தேன் கேக் செய்கிறேன். மூடி வைத்து மறுநாள் வெட்டிப் பாருங்கள், முதல் நாளைவிட மெத்தென்று இருக்கும். மொறுமொறு பிஸ்கட்டில் இதே குணம்தான் எதிரி, ஒரே நாளில் நமுத்துவிடும்.

மணம் மென்மையான, விலை உயர்ந்த தேனை ஓவனில் வைக்காதீர்கள், அந்த வாசனை சூட்டில் பறந்துவிடும். அடர் நிறமும் அழுத்தமான சுவையும் உள்ள தேன்தான் வெந்த பிறகும் நாவில் நிற்கும். நல்ல தேன் கைவசம் இருந்தால் ஒரு ஸ்பூனை ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சூடு பாதி தணிந்த கேக்கின் மேல் பிரஷால் தடவுங்கள்.

தேனைச் சூடாக்கினால் விஷமாகுமா என்றும் பலர் கேட்கிறார்கள். சூட்டில் எச்எம்எஃப் என்ற பொருள் கூடுவது உண்மை. அதே பொருள் ரொட்டியின் மேல்தோலிலும் வறுத்த காபியிலும் இருக்கிறது. கேக்கில் சாப்பிடும் அளவில் அது விஷம் இல்லை. தேனின் நொதிகள் அழிந்துவிடும், அவ்வளவுதான். அதற்காகத் தேன் கேக்கை நீரிழிவு உள்ளவர்களுக்கு உகந்தது என்று பரிமாறிவிடாதீர்கள். தேனிலுள்ள சர்க்கரையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைதான் என்று உலக சுகாதார நிறுவனமே கணக்கிடுகிறது.

பாட்டிலில் தேன் உறைந்து மணல்போல் ஆகியிருந்தால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். குளுக்கோஸ் படிகமாகியிருக்கிறது, அவ்வளவே. கை பொறுக்கும் 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை அரை மணி நேரம் நிறுத்தி, இடையிடையே கிளறிவிட்டால் இளகும். முழுதாக இளகவில்லை என்றாலும் அப்படியே கேக்கில் சேர்க்கலாம், மீதி ஓவனில் கரைந்துவிடும்.