ஜப்பானில் முதுகலை: முதலில் பேராசிரியர், பிறகுதான் பல்கலைக்கழகம்

தம்பி, மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன், ஜப்பானில் மாஸ்டர்ஸ் செய்ய வேண்டும் என்று எழுதி ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, பார்ட் டைம் வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாமா, ஐம்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டும் ஏன் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கூடவே, "முதலில் கென்க்யூசெய்யாக (பட்டமில்லாத ஆராய்ச்சி மாணவராக)ப் போய்விடுங்கள், உள்ளே போன பிறகு மாஸ்டர்ஸ் தானாகக் கிடைத்துவிடும்" என்று ஒரு கன்சல்டன்சியில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் வந்து இறங்கிய புதிதில் எங்கள் காதிலும் இதே பேச்சுதான் விழுந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது மாறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால் மெயிலையும் கென்க்யூசெய்யையும் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றவை போகிற போக்கில்.

ரேங்க் பட்டியலை மூடி வையுங்கள். இங்கே மாணவனை எடுப்பது பேராசிரியரின் லேப். தோஹோகு பல்கலைக்கழகத்தில் உலோகவியல் லேப் ஒன்றில் சேர்வதும், டோக்கியோவில் உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத லேபில் சேர்வதும் ஒன்றல்ல. இரண்டு வருடமும் நீங்கள் உட்காரப்போவது அந்த ஒரு அறையில், அந்த ஒரு மனிதரின் கீழ்.

ஐம்பது மெயிலுக்குப் பதில் வராததற்குக் காரணம், ஐம்பது பேருக்கும் ஒரே மெயில் போனதுதான். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் ஒவ்வொரு பேராசிரியருக்கும் வாரம் தவறாமல் வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படிக் கொத்துக் கொத்தாக அனுப்பியே நம் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே நாளில் போட்டால், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே நால்வருக்கும் அது தெரிந்துவிடும். அதன்பின் அந்தத் துறையின் கதவு மூடியதுதான். ஒரு துறையில் ஒரு சமயத்தில் ஒருவர், அதுதான் கணக்கு.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். காக்கென் என்ற தரவுத்தளத்தில் அவர் பெயரைப் போட்டால், அரசின் ஆராய்ச்சி நிதியில் இப்போது என்ன திட்டம் நடத்துகிறார், எந்த வருடம் வரை என்பது தெரியும். பத்து வருடப் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு எழுதாதீர்கள்; இப்போது பணம் எதில் இருக்கிறதோ அதில்தான் மாணவனுக்கு இடம் இருக்கும். இரண்டாவது வயது. பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்களில் 65-இல் ஓய்வு. 63 வயதுக்காரர் உங்களை மாஸ்டர்ஸுக்கு எடுத்தாலும் பிஎச்டிக்கு இருக்க மாட்டார். பட்டம் வாங்கிய வருடத்தையும் முதல் கட்டுரையின் வருடத்தையும் வைத்து ஓரளவு கணித்துவிடலாம். மூன்றாவது, லேப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல்: வெளிநாட்டு மாணவர் யாராவது இருக்கிறார்களா, முடித்தவர்கள் எங்கே போனார்கள். நான்காவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தால், மாணவர் சேர்க்கைக்கு எந்த கென்க்யூகாவோடு (பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பிரிவு) இணைக்கப்பட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் போவது அந்த கென்க்யூகாவுக்கு. கென்க்யூகா மாறினால் அறிவிப்பும் கடைசி நாளும் மாறும், தேர்வும் மாறும்.

மெயில் இருபது வரிக்குள் முடியட்டும். தலைப்பிலேயே எந்தச் சேர்க்கை (2027 அக்டோபர் என்றால் அப்படியே), எந்தப் படிப்பு, பணம் எங்கிருந்து என்று இருக்க வேண்டும். விளிக்கும்போது குடும்பப் பெயரோடு சென்செய் (ஆசிரியர்) என்று சேர்த்து எழுதுங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் எந்த முடிவிலிருந்து உங்கள் கேள்வி பிறக்கிறது என்று மூன்று வரி. இணைப்பில் ஒரு பக்க பயோடேட்டா, மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், இரண்டு பக்க ஆராய்ச்சித் திட்டம். மெயில் போடும் காலமும் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் ஆய்வேடுகள், தேர்வுகள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கல்வியாண்டு மாற்றம். ஏப்ரல் கடைசியில் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை தொடங்கும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்ற முன்னோர் நினைவு விடுமுறை. இவற்றைத் தவிருங்கள். மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, அல்லது அக்டோபர், நவம்பர் நல்ல காலம். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கியோத்தோ பல்கலைக்கழகம் என்றால் வழியே வேறு. வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் ஏ.ஏ.ஓ. என்ற சேர்க்கை உதவி அலுவலகத்தின் இணையதளத்தில் முதலில் பதிய வேண்டும். அவர்கள் பார்த்த பிறகே பேச்சு. நேரடியாக மெயில் போட்டால், "அங்கே போய் வாருங்கள்" என்ற ஒரு வரிதான் வரும்.

ஆராய்ச்சித் திட்டத்தில் பெரிய பெரிய வார்த்தைகள் வேண்டாம். இதுவரை என்ன தெரியும், எது தெரியவில்லை, அந்த லேபில் உள்ள எந்தக் கருவியை வைத்து எதை அளப்பீர்கள், முதல் வருடம் என்ன, இரண்டாம் வருடம் என்ன. ஏஐயிடம் எழுதி வாங்கியதை அனுப்புகிறவர்கள் இப்போது ஏராளம். ஜூமில் கூப்பிட்டு, "இந்த அளவீட்டில் பிழை எங்கிருந்து வரும்?" என்று ஒரே கேள்வி கேட்டால் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள்.

இப்போது கென்க்யூசெய். அது பட்டப் படிப்பே கிடையாது. லேபில் உட்கார அனுமதி, அவ்வளவுதான். மாஸ்டர்ஸில் சேர அதற்குப் பிறகும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். பேராசிரியர் ஒத்துக்கொண்டதால் தேர்வு தள்ளுபடி ஆகாது. பொறியியல் துறைகளில் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் விண்ணப்பம், ஆகஸ்ட் கடைசியில் தேர்வு. லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், ஃபூரியே, அதற்கு மேல் துறைப் பாடம், பிறகு நேர்காணல். ஆங்கிலத்துக்கு டோஃபல் மதிப்பெண் கேட்பார்கள், அது தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனத்திலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பாவது தேர்வை எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்து எழுதும் டோஃபலை ஏற்காத துறைகளும் உண்டு.

பணக் கணக்கையும் பாருங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் கென்க்யூசெய்க்குப் பொதுவாக விண்ணப்பக் கட்டணம் 9,800 யென், சேர்க்கைக் கட்டணம் 84,600, மாதம் 29,700. ஆறு மாதத்துக்கு 2,72,600 யென். பிறகு மாஸ்டர்ஸ் கிடைத்தால் தேர்வுக் கட்டணம் 30,000, சேர்க்கைக் கட்டணம் 2,82,000, அரையாண்டுக் கட்டணம் 2,67,900. அது தனியாக 5,79,900. சில பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே வழக்கமான 5,35,800-ஐத் தாண்டிவிட்டது. சோறு, வாடகை எதுவும் இதில் சேரவில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் வாய் திறக்காத விஷயம் அது. சொந்தப் பணத்தில் கென்க்யூசெய்யாக வந்து மாணவர் விசாவில் உட்கார்ந்துவிட்டால், தூதரகம் வழியாக மெக்ஸ்ட் (ஜப்பான் கல்வி அமைச்சகத்தின்) உதவித்தொகைக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. இந்தியாவில் இருக்கும்வரை திறந்திருந்த கதவை உங்கள் கையாலேயே சாத்திவிட்டு வருகிறீர்கள். கென்க்யூசெய்யாக வருவதில் அர்த்தம் இருக்கும் இடங்கள் இரண்டு. மெக்ஸ்ட் கிடைத்து, அரசுச் செலவில் அந்தக் காலத்தைக் கழிப்பது ஒன்று. பேராசிரியரே, "இந்தத் தேதியில் இந்தத் தேர்வு, இந்தப் பாடங்கள், கேள்வித்தாள் ஆங்கிலத்தில் உண்டு" என்று எழுத்தில் சொல்லிக் கூப்பிடுவது மற்றொன்று. வாய்ப்பேச்சை நம்பி வராதீர்கள்.

மெக்ஸ்டுக்கு இரண்டு வழி. தூதரக வழிக்கு ஏப்ரல், மே வாக்கில் அறிவிப்பு வரும். ஆவணப் பரிசீலனை, எழுத்துத் தேர்வு, நேர்காணல். அதில் தேறியதும் பேராசிரியர்களிடமிருந்து ஏற்புக் கடிதம் வாங்கச் சில வாரமே அவகாசம். அதற்குப் பிறகு முதல்முறையாக மெயில் போடுகிறவர்கள்தான் தவிக்கிறார்கள். தேர்வுக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக வழியில் துறையே பரிந்துரைக்கும். அதற்கு மதிப்பெண் 3-க்கு 2.30-க்குக் குறையாமல் வர வேண்டும். நம் சதவீதத்தை எப்படி மாற்றுவது என்பதை அந்தப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். மாஸ்டர்ஸ் மாணவருக்கு மாதம் 1,44,000 யென், கென்க்யூசெய் நிலையில் 1,43,000. கட்டணம் இல்லை, விமானச் சீட்டும் உண்டு. பிஎச்டி வரை யோசிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் என்ற பிஎச்டி மாணவர் உதவித் திட்டத்தை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். அதன் வாழ்க்கைச் செலவுத் தொகை 2027 நிதியாண்டிலிருந்து ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும் என்று கல்வி அமைச்சகம் 2025-இல் முடிவெடுத்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மாஸ்டர்ஸுக்கு மொத்தம் பதினாறு வருடப் படிப்பு வேண்டும் என்பது பொது விதி. உங்கள் பி.இ. பிரச்சினை இல்லை, பள்ளியில் பன்னிரண்டும் கல்லூரியில் நான்கும் பதினாறு வருடம் ஆகிறது. மூன்று வருட பி.எஸ்சி. படித்த நண்பர்கள் இருந்தால் அவர்களுக்குப் பதினைந்துதான். 2016-இல் விதி தளர்ந்தது உண்மைதான், ஆனாலும் பல கென்க்யூகாக்களில் விண்ணப்பத்துக்கு முன்பே தகுதிப் பரிசீலனை என்று ஒன்று கேட்கிறார்கள், அதன் கடைசி நாள் ஒரு மாதமோ அதற்கும் மேலோ முன்னதாக வரும். இதைக் கவனிக்காமல் ஒரு வருடத்தை இழந்தவர்கள் நிறைய. இலங்கைப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வருடப் பள்ளிப் படிப்பு இருப்பதால் மூன்று வருடப் பட்டத்திலேயே பதினாறு வந்துவிடும்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் படும் பாடு தனி. மார்க் ஷீட்டில் கார்த்திக் எஸ்., பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். இருவரும் ஒருவரே என்று சேர்க்கை அலுவலகம் தானாக ஊகித்துக்கொள்ளாது. கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் நோட்டரி உறுதிமொழியும் இப்போதே வாங்கி வையுங்கள். டோஃபல் பதிவு முதல் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். லேபில் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்துமுறை) உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, வங்கி, விடுதி, செல்போன் எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பும். டிரான்ஸ்கிரிப்ட் நம் பல்கலைக்கழகங்களில் வாரக்கணக்கில் இழுக்கும். ஐந்து பிரதியாக, மூடி முத்திரையிட்ட உறையில் வாங்குங்கள்.

மொழி பற்றி. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாயில் பத்து வருடம் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிய ஐடி அன்பர்கள், "ஜப்பானிய மொழி தேவையே இல்லை" என்பார்கள். அவர்களுக்கு வீடு பார்த்தது, வார்டு ஆபீஸ் (உள்ளாட்சி அலுவலகம்) படிவம் நிரப்பியது எல்லாம் கம்பெனி. உங்களுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆங்கிலத்திலேயே மாஸ்டர்ஸ் முடிக்கலாம், பட்டமும் வாங்கலாம். ஆனால் லேபில் வாராந்தர ஜெமி (ஆய்வுக் கூட்டம்) ஜப்பானிய மொழியில் ஓடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே வேலை வேண்டுமென்றால் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேவைப்படும் (என்5 தொடக்கநிலை, என்1 உச்சநிலை). சென்னையிலேயே ஏ.பி.கே. ஆட்ஸ் தோசோகாய் என்ற அமைப்பில் வகுப்பும் உண்டு, ஜூலையிலும் டிசம்பரிலும் ஜே.எல்.பி.டி. தேர்வும் உண்டு. என்4 முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். எங்கள் காலத்தில் விண்ணப்ப விதிமுறைப் புத்தகத்துக்கே பதில் உறையில் தபால்தலை ஒட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பழைய கேள்வித்தாளைத் துறை அலுவலகத்தில் போய்த்தான் நகல் எடுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நின்று பேசித்தான் அன்று வந்தவர்கள் மொழியைப் பிடித்தோம். அந்தப் பழக்கம்தான் இன்றும் எங்களுக்குச் சோறு போடுகிறது. இப்போது எல்லாம் பி.டி.எஃப்.ஆக விரல் நுனியில் கிடக்கிறது, அதையும் முழுக்கப் படிக்காமல் கேள்வி கேட்பவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

பார்ட் டைம்: அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8. டோக்கியோவில் 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அது உதவும். கட்டணத்துக்கும் சேர்த்து உழைக்கப் போனால் லேபில் தூங்குவீர்கள். 28-ஐத் தாண்டினால் விசா நீட்டிப்பில் மாட்டுவீர்கள். சாப்பாடு: சூப், சாஸ் எல்லாவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஒரு ரைஸ் குக்கர் வாங்கிச் சமைத்துக்கொள்ளுங்கள், பருப்பும் புளியும் இணையத்தில் வீட்டுக்கே வரும்.

இடம் கிடைத்த பிறகு சிஓஇ (விசாவுக்கு வேண்டிய தகுதிச் சான்றிதழ்) வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், வந்தால் மூன்று மாதம்தான் செல்லும். இறங்கி வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதியுங்கள். அதே நாளில் அதே இடத்தில் உடல்நலக் காப்பீட்டில் சேர்ந்து, ஓய்வூதியக் கட்டணத்துக்கு மாணவர் சலுகைப் படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்பிவிடுங்கள். கேட்காவிட்டால் மாதம் பதினேழாயிரத்துச் சொச்சம் யெனுக்கு பில் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறை எழுதும்போது உங்கள் புராஜெக்ட் என்ன, எந்த இரண்டு லேப்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மெயில் போடுவதற்கு முன் அந்த இரண்டு பக்கத் திட்டத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.