சப்லிமினல் காட்சிகளை, அதாவது கண்ணில் பட்டும் பார்த்ததாக நமக்கே தெரியாத காட்சிகளை, வைத்து மனநல சிகிச்சை செய்ய முடியுமா? யூடியூபில் வரும் வீடியோக்கள் பலன் தருமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. "நான் தைரியசாலி" மாதிரியான வாசகங்களைக் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் காட்டி மனதை மாற்றுவது ஒன்று. பயப்படும் பொருளின் படத்தை அதே மாதிரி மறைவாகக் காட்டிப் பயத்தைத் தணிப்பது மற்றொன்று. முதலாவது ஏறக்குறைய செத்துப்போன யோசனை. இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. யூடியூப் வீடியோக்கள் இந்த இரண்டிலும் சேர்த்தியில்லை.

பாப்கார்ன் கதையை முதலில் தீர்த்துவிடலாம். 1957-ல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்க விளம்பரக்காரர், நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ ஊர்த் திரையரங்கில் படத்துக்கு நடுவே 3000-ல் ஒரு பங்கு விநாடி வாசகங்களைக் காட்டியதாகவும், அதனால் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும் கோகோ கோலா விற்பனை 18.1 சதவீதமும் ஏறியதாகவும் சொன்னார். 1962-ல் ஒரு பேட்டியில் அது வெறும் வித்தை என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்றும் இதை ஆதாரமாகக் காட்டிப் பேசுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

சிகிச்சைக்கென்று இதை முறையாக முயன்றவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாயிட் சில்வர்மேன். 1960-களிலிருந்து 80-கள் வரை அவர் பயன்படுத்திய கருவி டாகிஸ்டோஸ்கோப்: கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு பெட்டி, உள்ளே ஒரு விளக்கு, நொடிப்பொழுது மட்டும் எரிந்து அட்டையைக் காட்டிவிட்டு அணையும். காட்டிய நேரம் 4 மில்லிவிநாடி. வாசகம் "அம்மாவும் நானும் ஒன்று". ஒப்பீட்டுக்கு "மக்கள் நடக்கிறார்கள்" என்ற சப்பையான வாசகம். முதலில் மனச்சிதைவு நோயாளிகளிடமும், பிறகு புகையை விட நினைத்தவர்கள், எடை குறைக்க நினைத்தவர்கள் என்று பலரிடமும் சோதித்தார்கள். தாயோடு ஒன்றாக இருந்த நிலையின் நினைவு மனதை ஆற்றும் என்பது உளப்பகுப்பாய்வு வழி வந்த விளக்கம். சில ஆய்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. வேறு இடங்களில் செய்தபோது சில சமயம் தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. 1988-ல் பாலே, ஷெவ்ரின் இருவரும் இந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துக் கடுமையான விமர்சனம் எழுதினார்கள்.

வாசகம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு நல்ல விடை பின்னால்தான் கிடைத்தது. மறைவாகக் காட்டிய சொல்லின் தாக்கம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கரைந்துவிடுகிறது என்று 1996-ல் க்ரீன்வால்ட், டிரெய்ன், ஆப்ராம்ஸ் மூவரும் காட்டினார்கள். நூறு மில்லிவிநாடியில் கரைவது நாலு மாதப் பழக்கத்தை எப்படி மாற்றும்? அதைவிடச் சுவையானது 2000-ல் ஆப்ராம்ஸும் க்ரீன்வால்டும் செய்தது. ஆபாசம் என்ற பொருள் வரும் 'ஸ்மட்', பித்தநீர் என்ற பொருள் வரும் 'பைல்' ஆகிய ஆங்கிலச் சொற்களைக் கெட்டவை என்று பிரித்துப் பிரித்துப் பழக்கினார்கள். பிறகு 'ஸ்மைல்' என்று மறைவாகக் காட்டினால், புன்னகை என்ற அந்த நல்ல சொல் கெட்ட சொல்லாகவே வேலை செய்தது. ஸ்மட்டின் தலையும் பைலின் வாலும்தானே அது! அதாவது மறைவான பார்வை முழுச் சொல்லைக்கூட ஒழுங்காகப் படிப்பதில்லை, துண்டுகளைத்தான் பொறுக்குகிறது.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். நம் மொழியில் மறுப்பு கடைசியில் வந்து ஒட்டும். "எனக்குப் பயமில்லை" என்று மின்ன விட்டால் துண்டாகச் சிக்கக்கூடியது 'பய' என்ற பகுதிதான், 'இல்லை' அல்ல. இது என் அனுமானம்தான், தமிழில் செய்த சோதனையின் முடிவு அல்ல. ஆனாலும் இப்படி ஒரு வாசகத்தை நம்பிக் காசு கொடுக்க நான் தயாரில்லை.

இனி உயிர் உள்ள பக்கம். 1994-ல் ஸ்வீடனில் ஓமனும் சோரஸும் பாம்பு, சிலந்திப் படங்களை 30 மில்லிவிநாடி காட்டி உடனே வேறு படத்தால் மூடினார்கள். என்ன படம் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் பாம்புக்குப் பயப்படுகிறவர் கையில் பாம்புப் படத்துக்கு மட்டும் வியர்வை மின்கடத்தல் ஏறியது. பதற்றத்தில் தோல் வியர்த்து மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துவதுதான் அது. 1998-ல் வேலனின் குழு, பயந்த முகத்தை 33 மில்லிவிநாடி காட்டிச் சாதாரண முகத்தால் 167 மில்லிவிநாடி மூடினாலும் மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்வதைக் காட்டியது. வாசகத்துக்கு இல்லாத பலம் படத்துக்கு இருக்கிறது, அதுவும் ஏற்கனவே ஊறிப்போன பயத்தின் படத்துக்கு.

இதைச் சிகிச்சைப் பக்கம் திருப்பியவர்கள் பால் சீகலும் ஜோயல் வைன்பெர்கரும். 2009-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் சிலந்திக்குப் பயப்படும் 65 பேர். ஒரு பிரிவுக்குப் புரிபடாத வேகத்தில் சிலந்திப் படங்கள், ஒரு பிரிவுக்கு அதே வேகத்தில் பூப்படங்கள், இன்னொரு பிரிவுக்குச் சிலந்தியைத் தெளிவாகவே. பிறகு டாரன்டுலா என்ற பெரிய சிலந்தி உயிரோடு இருந்த தொட்டியை நோக்கிப் படிப்படியாக நெருங்கச் சொன்னார்கள். மறைவாகச் சிலந்தி பார்த்தவர்கள் பூப் பார்த்தவர்களைவிடக் கூடுதல் படிகள் தாண்டினார்கள். ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் மிஞ்சியிருந்ததாக 2013-ல் இன்னொரு கட்டுரை. 2017-ல் மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, தெளிவான படம் பயத்தைக் கிளப்பி உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளை அடக்கியது. மறைவான படமோ பயம் என்று உணரவிடாமலே அந்தப் பகுதிகளை வேலை செய்ய வைத்தது.

ஒரு சுற்று எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும், அதில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி. நடுவில் ஒரு கூட்டல் குறி அரை விநாடி. பிறகு சிலந்தி, 2 ஃபிரேம், 33 மில்லிவிநாடி. இடைவெளியே இல்லாமல் மறைப்புப் படம், 7 ஃபிரேம், 117 மில்லிவிநாடி. இப்படி 25 படங்கள். மொத்தமாகச் சிலந்தி திரையில் நிற்பது ஒரு விநாடிகூட இல்லை, 0.83 விநாடி. கண்ணுக்கும் திரைக்கும் 57 செ.மீ. வைத்தால் திரையில் ஒரு செ.மீ. என்பது பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரி, கணக்குச் சுலபம். தலை முன்னும் பின்னும் போகாமல் தாடையைத் தாங்கி ஒன்றில் வைக்க வேண்டும்.

இதில் உயிர்நாடி மறைப்புப் படம்தான், வேகம் அல்ல. பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். கேமரா ஃபிளாஷ் ஒரு மில்லிவிநாடி அளவுக்குத்தான் எரிகிறது. அதைப் பார்க்கத் தவறியவர் உண்டா? சுமார் 100 மில்லிவிநாடி வரை கண் வெளிச்சத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். நேரம் பாதியானால் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் போதும், அதே அளவு தெரியும். படம் அணைந்த பிறகும் அதன் பதிவு சற்று நேரம் நிற்கும். அந்தப் பதிவை அழிக்கத்தான் மறைப்பு. அதே சிலந்திப் படங்களைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கலைத்துப்போட்டால் நல்ல மறைப்பு கிடைக்கும்: நிறம், வெளிச்சம், கோடுகள் எல்லாம் ஒத்துப்போகும், உருவம் மட்டும் இருக்காது. மறைப்பு மங்கலாக இருந்தாலோ படத்தைவிடச் சிறியதாக இருந்தாலோ ஓரத்தில் ஒரு கால் எட்டிப் பார்த்துவிடும், அத்தோடு காரியம் கெட்டது.

அடுத்து கெடுப்பது கணினி. பின்னணியில் ஏதோ அப்டேட் ஓடினால் ஒரு ஃபிரேம் தவறி, 33 என்பது 50 ஆகும், சிலந்தி பளிச்சென்று தெரியும். சில லேப்டாப்கள் சார்ஜர் கழன்றதும் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரையை 48 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். அப்போது அதே 2 ஃபிரேம் 41.7 மில்லிவிநாடி. எல்சிடி திரையில் ஒரு புள்ளி கருப்பிலிருந்து வெள்ளைக்கு மாறவே சில மில்லிவிநாடி பிடிக்கும், எனவே மென்பொருள் சொல்லும் நேரமும் திரையில் வரும் நேரமும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் திரையின் மூலையில் ஒளி உணரி ஒட்டி அளப்பார்கள். அது இல்லாவிட்டால் போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணிப் பாருங்கள்: சிலந்தி 8 ஃபிரேம், மறைப்பு 28 ஃபிரேம் வர வேண்டும். சிலந்தி 12 வந்தால் ஃபிரேம் தவறியிருக்கிறது.

பிறகு, நிஜமாகவே தெரியவில்லையா என்று சோதிக்க வேண்டும். "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டால் பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை என்றே சொல்வார். சிலந்தியா, பூவா, கட்டாயம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று 100 முறை கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் 50 சரியாக வரும். 59 தாண்டினால் அவருக்கு ஏதோ தெரிகிறது. இந்தச் சோதனையைச் சிகிச்சை முடிந்த பிறகு வைப்பதே மேல். முன்னால் வைத்தால் எதைத் தேடுவது என்று நாமே கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிடும். 59-க்குக் கீழ் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி, இதோ இவர்கள் பார்க்காமலே குணமானார்கள் என்று எழுதுவதும் தப்பு. அதிர்ஷ்டத்தால் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று டேவிட் ஷாங்க்ஸ் 2017-ல் விளக்கியிருக்கிறார். இந்தத் துறையின் பல முடிவுகள் அங்கேதான் ஆட்டம் காண்கின்றன.

இப்போது யூடியூபுக்கு வருவோம். வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம். ஒரு ஃபிரேம் 40 அல்லது 33 மில்லிவிநாடி, அப்படிப்பட்ட வீடியோவில் அதற்குக் கீழே போக வழியே இல்லை. பின்னால் மறைப்பும் இல்லை. கருப்பில் வெள்ளை எழுத்து மின்னினால் அது தெரியத்தான் செய்யும். இதற்கு மேல் வீடியோவைச் சுருக்கும்போது ஒற்றை ஃபிரேம் கலங்கிப்போகலாம். ஆக, ஒன்று அது தெரிகிற வாசகம், இல்லாவிட்டால் குழம்பிய புள்ளிகள். இரண்டும் சப்லிமினல் இல்லை. "எனக்கு வேலை செய்ததே" என்பவர்களுக்கு 1991-ல் க்ரீன்வால்ட் குழு செய்த சோதனை பதில். சுயமதிப்பு வளர்க்கும், நினைவாற்றல் வளர்க்கும் என்று விற்ற இரண்டு சப்லிமினல் ஒலிநாடாக்களின் உறைகளையும் பாதிப் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரம் கேட்ட பிறகு அளந்தால், உள்ளே இருந்த ஒலிநாடா எதுவோ அதற்கென்று தனிப் பலன் எதுவும் இல்லை. உறையில் எது எழுதியிருந்ததோ அது தேறிவிட்டதாகப் பலர் நம்பினார்கள், அவ்வளவுதான்.

சீகல் வகை முறையையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். ஆய்வுகள் குறைவு, பங்கேற்றவர்கள் குறைவு, பெரும்பகுதி ஒரே வட்டத்திலிருந்து வந்தவை. சோதித்தது குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் உள்ள பயத்துக்கு. மனச்சோர்வு, ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய், குடிப்பழக்கம் இவற்றுக்கு இது மருந்து என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பனையாளர். எனக்குத் தெரிந்து இதன் நியாயமான இடம் ஒன்றுதான்: படத்தைக் கண்டாலே எழுந்து ஓடுபவரை, பயப்படும் பொருளை நேரிலேயே படிப்படியாகப் பழக்கும் வழக்கமான சிகிச்சைக்கு உட்கார வைக்கும் முன்படி.

அதையும் நோயாளியிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். "சிலந்திப் படம் வரும், உங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் பலன் போய்விடாதா என்பார்கள். ஆய்வில் இரு பிரிவுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஒப்பீடு கெடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் உணர்வுக்கு எட்டாமல் மனதைத் திருப்பித் தீங்கு செய்யும் உத்திகளைத் தடை செய்கிறது. சட்டப்படி, வெளிப்படையான சம்மதம் பெற்றுச் செய்யும் உளவியல் சிகிச்சையை அது தொடவில்லை. இன்னொரு கேள்வியும் முதலிலேயே கேட்க வேண்டும்: வலிப்பு வந்ததுண்டா? விநாடிக்கு மூன்றுக்கு மேல் மின்னுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் சிவப்பு, நீல மின்னலைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு கண்ணுக்கு வண்ணக் கட்டங்களை விநாடிக்குப் பத்து முறை மாற்றி மறு கண்ணின் படத்தை மறைக்கும் முறையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

உங்களுக்கு வேண்டியது பல்லி, கரப்பான் பயம் போவதுதான் என்றால் சோதித்துத் தேறிய வழி வேறு. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-ல் விவரித்த ஒரே அமர்வுச் சிகிச்சை அதிகபட்சம் மூன்று மணி நேரம், சிகிச்சையாளர் கூடவே இருப்பார். மூடிய கண்ணாடி ஜாடியில் செத்த கரப்பான், அதே ஜாடி கைக்கெட்டும் தூரத்தில், பிறகு உயிருள்ளது, பிறகு மூடி திறந்து பென்சிலால் தொடுவது. ஒவ்வொரு படியிலும் பயம் பாதிக்குமேல் இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால் பயம்தான் பலப்படும். இந்தியாவில் இருப்பவர்கள் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.