ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல் பிடுங்கலாமா?

கேள்வி: மாரடைப்பு வந்து, நாலு மாதத்துக்கு முன் கணவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கடைவாய்ப் பல் சூத்தையாகிக் குடைகிறது. அஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டுப் பிடுங்கச் சொல்கிறார்கள் அயலில் உள்ளவர்கள். நிறுத்தலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: நிறுத்தவே வேண்டாம், அம்மா. ஸ்டென்ட் என்பது அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உட்தோல் படர்ந்து மூட மாதக்கணக்காகும். அதுவரை வெறும் கம்பியில் ரத்தம் கட்டாமல் காப்பது இந்த இரண்டு குளிசைகளும்தான். மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டையும் போட வேண்டும். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். இதயக் குழாய்க்குள் கட்டும் ரத்தத்தை வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

கிளினிக் கொப்பியைப் பல் வைத்தியரிடம் முதலிலேயே காட்டுங்கள். காலையில் போங்கள், பின்னேரம் ரத்தம் கசிந்தால் திரும்பிப் போக நேரமிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு பல் போதும். பஞ்சை அரை மணி நேரம் விடாமல் கடித்திருக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். அன்று கொப்பளிக்கவோ சூடாகக் குடிக்கவோ வேண்டாம். நோவுக்குப் பனடோல் மட்டும். டைக்குளோபெனக், ஐபுபுரோபன் இதயத்துக்கும் கூடாது, ரத்தக் கசிவையும் கூட்டும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அல்லது வாய் திறக்க முடியாவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. நாக்குக்குக் கீழ் குளிசை வைத்துவிட்டு நடக்கலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: நடக்க வேண்டாம், ஐயா. ஸ்டென்டுக்குள் தசை வளர்ந்து குழாய் மீண்டும் ஒடுங்குவது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்தான். வேறொரு குழாயில் புது அடைப்பாகவும் இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்காமல் இந்தக் கிழமையே காட்டுங்கள். எத்தனை அடி நடந்ததும் வருகிறது, எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

நெஞ்சு நொந்தால் முதலில் உட்காருங்கள். நின்றபடி குளிசை வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் நோ குறையாவிட்டாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். ஓட்டோ தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

இன்னொன்று: நாக்குக்குக் கீழ் வைக்கும் அந்தக் குளிசை காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும். கடதாசி உறையிலோ சட்டைப்பையில் தனியாகவோ வைக்க வேண்டாம். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, உள்ளே பஞ்சு இல்லாமல், இறுக மூடி, நம்மூர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, எட்டுக் கிழமையில் மாற்றுங்கள். சில்டெனாபில் (ஆண்மைக் குறைவுக்குப் போடும் குளிசை) பாவித்த 24 மணி நேரத்துக்குள் இதை வைக்கவே கூடாது.