மிஸ்திரா: தலை நிமிர்ந்து பாருங்கள்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மனைவியோடு கிரீஸ் போகிறேன். ஸ்பார்ட்டா பக்கத்தில் உள்ள மிஸ்திரா என்ற பழைய மலை நகருக்கு ஒரு நாள் வைத்திருக்கிறோம். அங்குள்ள பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத் தேவாலயங்கள் எல்லாமே ஒரே மாதிரி, ஒரே இருட்டு என்கிறார்கள் நண்பர்கள். ஓவியங்களையும் துருக்கியர் சிதைத்துவிட்டார்களாம். இரண்டு பார்த்தால் போதாதா? கோட்டை ஏறத்தான் வேண்டுமா? பாறை உச்சி மடாலயங்கள் உள்ள மெட்டியோராவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

மெட்டியோரா இருப்பது மத்திய கிரீஸில், தெற்கே உள்ள மிஸ்திராவிலிருந்து வெகு தொலைவில். அதை இந்தப் பயணத்தில் திணிக்காதீர்கள்.

கோட்டைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். காரில் மேல் வாசலுக்குப் போனால் ஏற்றம் குறைவு. இறங்கி வந்து, காரைக் கீழ் வாசலுக்குக் கொண்டுபோங்கள். டிக்கெட் பத்திரம், அங்கும் கேட்பார்கள். கற்கள் தேய்ந்து வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பு நல்லது.

இனி அந்த "ஒரே மாதிரி". சில நாட்களாக நானும் மிஸ்திராவின் கூரைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஊரின் நூற்றைம்பது வருடக் கட்டடக்கலையை நண்பர்கள் ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள், நீங்களும் கேட்டுக்கொண்டு வருகிறீர்களே!

கீழ் வாசலுக்குள் நுழைந்ததும் வருவது புனித திமித்ரியோஸின் பேராலயம். தரையில் இரட்டைத் தலைக் கழுகு செதுக்கிய பளிங்குக் கல்லைப் படமெடுத்துக்கொண்டு கூட்டம் கிளம்பிவிடும். கடைசிப் பைசாந்தியப் பேரரசர் 11ஆம் கான்ஸ்டன்டைன் 1449இல் இந்த ஊரில் பேரரசராக அறிவிக்கப்பட்டார் என்பதால் அந்தக் கல்லுக்கு மவுசு. நீங்கள் அதோடு கிளம்பாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு நடுக்கூடத்தில் தூண்களுக்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள். ஓவியங்கள் பாதியில் அறுந்து நிற்கும், மேல்பாதியே இருக்காது. அது துருக்கியர் வேலை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் இது தூண்வரிசைகள் மூன்றாகப் பிரித்த நீள மண்டபம், மேலே மரக்கூரை. 15ஆம் நூற்றாண்டில் மத்தேயு என்ற ஆயர் அந்தக் கூரையை அகற்றி, மேல்மாடமும் குவிமாடங்களும் ஏற்றினார். ஓவியங்கள் அப்போதுதான் அறுந்தன.

ஏன் அப்படிச் செய்தார்? பதில் சற்றுத் தள்ளி இருக்கும் ஒதிகித்ரியா கோயிலில், சுமார் 1310இல் கட்டியது. அங்கே தொடக்கத்திலேயே கீழே நீள மண்டபம், மேலே சிலுவை வடிவ அமைப்பும் ஐந்து குவிமாடங்களும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அமைத்துவிட்டார்கள். பேராலயமும் அப்படியே ஆகவேண்டும் என்று ஆயர் ஆசைப்பட்டார். 1428இல் எழுந்த பந்தனாஸா கோயிலும் அதே அமைப்புதான். ஒதிகித்ரியாவுக்கு அடுத்திருக்கும் புனித தியோடோர்கள் கோயிலோ வேறு சாதி. ஒற்றைப் பெரிய குவிமாடம், எட்டு இடங்களில் ஊன்றி நிற்கிறது. எங்கே ஐயா ஒரே மாதிரி?

அங்கிருந்து அரண்மனைப் பக்கம் ஏறும்போது திரும்பிக் கீழே பாருங்கள். மேலிருந்து குவிமாடங்கள் மட்டுமே தெரியும், அடியில் நீள மண்டபம் இருப்பதற்குச் சுவடே இருக்காது.

பிறகு பந்தனாஸா. அங்கே கன்னியாஸ்திரிகள் இன்றும் வாழ்கிறார்கள்; தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், குரல் தாழட்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கடைசியாகத் தென்கோடியில், பாறையோடு ஒட்டிக் கட்டிய பெரிவ்லெப்தோஸ் கோயில். அந்த 14ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்காக ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள், நேரமும் மிச்சம் வையுங்கள். அங்கிருந்து கீழ் வாசல் பக்கம்தான்.